மேல்வீட்டு ஹோஸ்

டெலானிபூரில் வைஜெயந்திக்கு மேலும் கீழுமாக இரண்டு வாடகை வீடுகள். மேல்வீட்டுப் பவானியம்மாள் போன மாதம் இறந்துவிட்டாள். அந்த வீட்டை ஒரு கான்ட்ராக்டர் இரட்டை வாடகைக்குக் கேட்டிருந்தார். கீழ்வீட்டுச் செல்லத்திடமும் வாடகையைக் கூட்டச் சொல்ல வந்தாள் வைஜெயந்தி.

“கூட்டிக்குங்க தீதி. மேல மட்டும் யாரையும் வெக்காதீங்க. கொழாயில பானி வர்றப்ப நான் படகு ஜெட்டில டூட்டில இருப்பேன். இப்பவும் பவானியம்மாதான் பிடிச்சு வெக்கிறாங்க.”

“அப்ப வாடகையையும் அவங்களையே குடுக்கச் சொல்லு.”

அன்று செல்லத்துக்கு விடுமுறை. தண்ணீர் வரும் நேரம் ஆயிற்று. மேல்வீட்டு ஜன்னலிலிருந்து பச்சை ஹோஸ் இறங்கி, செல்லத்தின் டிரம்மில் விழுந்தது. டிரம் நிறைந்தது.

“போதும்மா,” என்றாள் செல்லம். தண்ணீர் நின்றது.

பூட்டிய மேல்வீட்டின் ஒரே சாவி வைஜெயந்தியின் கையில் இருந்தது. அவள் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தாள்.

“மன்னிச்சுக்குங்க. மேல்வீட்டுல ஆள் இருக்காங்க.”