பட்டியலில் இல்லாத முகவரி

மருத்துவமனையின் மெயில் சர்வரைக் கவனிப்பது அவள் வேலை. அன்று காலை பத்து மணிக்குப் பழைய சர்வரை நிறுத்தினாள். புதியதை இன்னும் ஓடவிடவில்லை. நண்பகல் வரை எந்த மெயிலும் போகாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். லேப்காரர் அதை மறந்துபோனார்.

பதினொரு மணிக்கு டாக்டர் அவள் அறைக்கே வந்தார்.

“உங்க அண்ணிக்கு ஊசி போட இருந்தேன். அந்த மருந்து அவங்களுக்கு ஒத்துக்காதுன்னு லேப்லேருந்து மெயில் வந்துச்சு. மயிரிழையில தப்பிச்சாங்க. உங்க சர்வருக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“சர்வரே இன்னும் ஓடலையே, டாக்டர்!”

அவர் செல்போனை நீட்டினார். மெயில் 10.40-க்கு வந்திருந்தது. லேப்காரர் எழுதியதை ‘உதவி’ என்றொரு முகவரி வாங்கி, டாக்டருக்கு அனுப்பியிருந்தது. மருத்துவமனையில் இருநூற்றுப் பன்னிரண்டு முகவரிகள் உண்டு. அப்படி ஒன்று அதில் இல்லை.

வார்டில் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீ நல்லா இருக்கணும்மா.” அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நண்பகலில் புதிய சர்வரை ஓடவிட்டதும், முதல் வேலையாக ‘உதவி’க்கு எழுதினாள்: “அண்ணி பிழைச்சுட்டாங்க. ரொம்ப நன்றிங்க.”

இல்லாத முகவரிக்குப் போகும் மெயில் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடும். அவளே அப்படித்தான் அமைத்திருந்தாள். சரிபார்க்க, மனதில் தோன்றிய வேறொரு பெயருக்கும் ஒன்று அனுப்பினாள். அது உடனே திரும்பியது.

நன்றி மட்டும் மாலை வரை திரும்பவில்லை. சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தாள். 12.05-க்கு அது உரியவரிடம் சேர்ந்திருந்தது.