ஆய்வு நாள் காய்ச்சல்

"உடம்பு அனலா கொதிக்குதே!" என்று சிறுமியின் நெற்றியில் வைத்த கையை டீச்சர் வெடுக்கென்று எடுத்தாள். "இந்தக் காய்ச்சலோட யாராவது பள்ளிக்கூடம் வருவாங்களா? வீட்டுக்குப் போய்ப் படு."

சிறுமி தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்?"

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது. டீச்சருக்கு அது நன்றாகவே தெரியும்.

இன்னும் சற்று நேரத்தில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். மேலே இருக்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு சீர்திருத்தம் செய்யாவிட்டால் தூக்கம் வராது. ஒரு வருடம் பாடிக் கற்பி என்பார்கள், மறு வருடம் பாடாதே, படம் காட்டு என்பார்கள். படம் காட்டும் பெட்டி வந்து சேர்ந்தது. அதை மாட்டித் தர ஆள்தான் வரவில்லை.

போன வருடச் சீர்திருத்தம்தான் டீச்சரின் தலையில் வந்து விடிந்தது. அதிகாரி நேரில் வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், நாலு பேர் திணறினாலும் டீச்சருக்கு வெளியூர் மாற்றல். அந்த முறை மூன்று பேர் திணறி, மயிரிழையில் தப்பித்தாள்.

மாற்றல் வந்தால் அவள் தொலைந்தாள். இரண்டு தெரு தள்ளி வீட்டில் கணவர் மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. மதிய இடைவேளையில் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, மணி அடிப்பதற்குள் ஓடி வருகிறாள். அந்த மனுஷனுக்கு வேறு நாதி கிடையாது.

அது ஒரே அறை, ஒரே டீச்சர் பள்ளிக்கூடம். மொத்தம் இருபத்தைந்து பிள்ளைகளில் வாசிக்கத் திணறும் ஆறு பேரை, "நாளைக்கு வராதீங்க" என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். ஐந்து பேர் குதித்துக்கொண்டு போனார்கள். ஆறாவது ஆள்தான் இவள். ஊர்ந்து ஊர்ந்து வாசிப்பதால் ஆமை என்று பெயர் வாங்கியவள், ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

"டீச்சர், பூனைப் பாடத்தை இப்ப முழுசா வாசிப்பேன். ஒரு வாரமா அம்மாகிட்ட வாசிச்சுப் பழகினேன். அந்த சாருக்கு வாசிச்சுக் காட்டட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். முதல் வரியை மெதுவாக, ஆனால் ஒரு பிழை இல்லாமல் வாசித்து முடித்து நிமிர்ந்தாள். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"உன்னால என் குடும்பம் நடுத்தெருவுக்கு வரணுமா? பின்பக்கமா போடி!"

சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்து போனாள். டீச்சருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி சாதுவான மனிதர். வாசலிலேயே நின்று, விரலை நீட்டி வரிசை வரிசையாகக் காற்றில் குத்திக்கொண்டே போனார், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். யாரை எழுப்பலாம் என்று தேடுகிறார் போலும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

சேர்க்கைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "இருபத்தஞ்சு பேர் இருக்கே. மீதி ஆறு பேர் எங்க?"

லீவு என்று சொன்னால், அவர்கள் வருகிற நாளில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று டீச்சர் முடிவு கட்டினாள்.

"அவங்க எப்பவோ நின்னுட்டாங்க சார். பேரைத்தான் இன்னும் அடிக்கல."

"நிச்சயமா சொல்றீங்களா? அப்படியே எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதிக்குங்க சார்."

எழுதினார். அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

"இனி வாசிக்கச் சொல்லட்டுமா சார்?" என்று டீச்சரே ஆரம்பித்துவைத்தாள். ஒவ்வொன்றும் எழுந்து தண்ணீர் பட்ட பாடாக வாசித்துத் தள்ளியது. அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் கடைசிப் பிள்ளை வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா சொல்லிக்கொடுத்திருக்கீங்க டீச்சர்."

வண்டி வரைக்கும் கூடவே போனாள். ஆய்வு என்று தகவல் வந்த மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. "அப்ப எனக்கு மாற்றல் இருக்காதுல்ல சார்?"

அதிகாரி சங்கடமாகப் பார்த்தார். "வாசிப்புச் சோதனையை இந்த வருஷத்தோட எடுத்துட்டாங்களே. உங்களுக்குச் சொல்லலையா?"

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"தலை எண்ணத்தான் வந்தேன். இருபது பிள்ளைங்க இல்லாத பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடச் சொல்லிப் புது உத்தரவு. அடுத்த வாரமே உங்களை வெளியூருக்குப் போட்டுருவாங்க."

டீச்சர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி ஆறுதலாக அவள் கையை எடுத்துவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு பிள்ளை இருந்திருந்தா போதும், டீச்சர்."