எழில் வண்டியின் தடம்

வளவன் கடைக்குள் நுழைந்ததுமே கேட்டான். "எழிலு அவன் ஜீப்புக்கு இன்னா கயிறுண்ணே வாங்கினான்?"

"எட்டு டன் தாங்குறது" என்றார் கடைக்காரர் கோவிந்தராஜ்.

"எனக்குப் பன்னெண்டு டன் குடு. சேத்துல டயருக்கு அடியில போடுற பலகையும் குடு."

"கயிறு மட்டும் இருந்தா ஆவாது தம்பி. இழுக்க இன்னொரு வண்டி வேணும். எழிலையும் கூட்டிக்கினு போ."

"அவன் இழுத்து நான் வெளிய வரணுமா?"

மறுநாள் மதியம் சேற்றில் ஓட்டிப் பார்க்கத் தொண்டூர் ஏரியில் தனியாக ஜீப்பை இறக்கினான். கரையோரச் சேற்றிலேயே சக்கரங்கள் பாதி புதைந்தன. பலகை போட்டும் ஏறவில்லை. முன்கொக்கியில் கயிற்றை மாட்டி, மறுமுனையைக் கரைமேல் வீசிவிட்டு, யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபடி நின்றான். எழிலை மட்டும் கூப்பிட மனம் வரவில்லை.

அப்போது கயிறு இறுகியது. ஜீப் மெல்ல மெல்லக் கரையேறி நின்றது.

கரைமேல் ஏறிப் பார்த்தான்; யாரும் இல்லை. புதிதாகப் பதிந்த டயர் தடம் மட்டும் இருந்தது. செஞ்சியில் அந்த மாதிரி டயர் எழில் வண்டிக்கு மட்டும்தான் உண்டு.

போன் போட்டான். "எங்கடா இருக்கே?"

"மெக்கானிக் ஷெட்ல. என் வண்டி எஞ்சின கழட்டிப் போட்டுருக்குது. இன்னா, மாட்டிக்கினியா?"

"நானா? இல்லியே."

நியாயமாகப் பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வளவனுக்கு வந்தது வயிற்றெரிச்சல்தான். யாராவது பார்ப்பதற்குள் அந்தத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே போனான். கடைசித் தடமும் அழிந்தபின் திரும்பிப் பார்த்தான்.

ஜீப் பழைய இடத்திலேயே, சேற்றில் பாதி சக்கரம் புதைந்து நின்றது.