முழுப் பெட்டி

"மறுபடியும் தப்பு. பின்னாடி கோட்ட ஏன் சின்னதா போட்டே?"

சாராள் பென்சிலை நிறுத்தினாள். "தூரத்துல இருக்கறது சின்னதாத்தானங்க தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியறத கம்பெனி படத்துல வரையக் கூடாது. முன்னாடி ரெண்டு இஞ்ச்னா பின்னாடியும் ரெண்டு இஞ்ச். நிக்கற கோடு நேரா நிக்கும். மத்தது இந்தாண்ட முப்பது டிகிரி, அந்தாண்ட முப்பது டிகிரி. எத்தினி தபா சொல்றது?"

பாக்கியநாதன் வாயால் சொன்னதோடு சரி. இத்தனை நாளில் மனைவிக்கு ஒரு கோடுகூடப் போட்டுக் காட்டியதில்லை.

சோப்புக்கட்டியின் மூலையைப் படி மாதிரி வெட்டச் சொன்னான். வெட்டினாள். அதைப் பார்த்து வரையச் சொன்னான். காகிதத்தில் படி வரவில்லை. நசுங்கிய டப்பா வந்தது.

"உனக்கு இன்னாதான் புரியுது?" என்று கத்தினான்.

சாராளுக்குக் கண் கலங்கியது. இன்று கும்மிடிப்பூண்டி கம்பெனியில் படம் சரியாக வராவிட்டால் அவளுக்கு வேலை கிடையாது. எமர்ஜென்சி வந்ததிலிருந்து ரயில் வேறு சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அள்ளிப் பிடித்துக்கொண்டு மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

ரயில் பொன்னேரியைத் தாண்டியது. பாக்கியநாதன், "கத்திட்டேன். மனசுல வச்சிக்காத" என்றான்.

"எனக்கு வராதுங்க. போய் நின்னா உங்க மானம்தான் போவும்."

"வரும். எல்லாத்தையும் ஒண்ணா பாக்காத. மொதல்ல முழுப் பெட்டிய வரஞ்சிக்கோ. அப்பறமா வேணாத துண்ட அதுலேர்ந்து வெட்டி எடு. கத்தி வச்சிக்கினு வெட்ற மாதிரி நெனச்சிக்கோ."

கம்பெனியின் படம் வரையும் பிரிவுக்கு ராஜமாணிக்கம் தலைமை. அவர் பள்ளம் விழுந்த இரும்புக் கட்டை ஒன்றைச் சாராள் முன்னால் வைத்தார். "இத வரைங்கம்மா. அவசரம் இல்ல."

பாக்கியநாதன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான்.

முதல் தாள் வீணாயிற்று. இரண்டாவது தாளில் பள்ளத்தை மறந்து முழுப் பெட்டியை வரைந்தாள். பின்பக்கக் கோட்டைக் குறைக்கச் சொன்னது கண். அதை நம்பாமல் ஸ்கேலை வைத்தாள். பிறகு நடுத்துண்டை வெட்டி எடுத்தாள். காகிதத்தில் கட்டை எழுந்து நின்றது.

ராஜமாணிக்கம் ஒவ்வொரு கோட்டையும் அளந்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்கம்மா" என்றவர், படத்தோடு வராந்தாவுக்குப் போனார்.

"பாக்கியநாதா, உன் மேசை இன்னும் காலியாத்தான் இருக்கு. அவங்க அங்கியே உக்காரட்டும்."

பாக்கியநாதன் எழுந்து இடது கையால் படத்தை வாங்கிப் பார்த்தான். காலையில் கிளம்பும்போது சாராள் மடித்து ஊக்கு குத்திவிட்ட வலது சட்டைக்கைக்குள், முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.