நாலாம் நம்பர் குட்டி

எல்லாமே முதன்முறையாகப் பந்தயம் ஓடப்போகும் இளங்குதிரைகள். ஓட்டத்துக்கு முன் அவற்றை நடத்திக் காட்டிய வளையத்தில், கூட்டத்தின் கூச்சலுக்கு ஒன்றைத் தவிர எல்லாம் மிரண்டு துள்ளின.

கணவர் நகம் கடித்தார். “இந்த மாசம் தொட்டதெல்லாம் தோல்வி. இன்னைக்கும் தோத்தா இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நாலாம் நம்பர் மேல கட்டுங்க. எவ்வளவு நிதானமா நடக்குது பாருங்க.”

“அது தூங்குமூஞ்சி.”

“இத்தனை பேர் கத்துறாங்க, காதுகூட அசையலை. ஓட்டத்துல அதுக்குக் கவனம் சிதறாது.”

அரை மனதோடு அதன்மேலேயே பணம் கட்டினார். நாலாம் நம்பர் முதலில் வந்தது.

கம்பி வேலியோரம் குதித்துக்கொண்டிருந்த கணவரிடம், குதிரையைப் பிடித்து வந்த பராமரிப்பாளர் கண்கலங்கச் சொன்னார்: “இதை நம்பினது நீங்க மட்டும்தான் சார். பிறவியிலேயே காது கேக்காது. விஷயம் தெரிஞ்சவங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்க.”

கணவர் அதை அப்படியே விரல்களால் மனைவிக்குச் சைகை செய்தார். அவள் சிரித்தாள், அவள் விரல்களும் ஏதோ பதில் சொல்லின.

“என்ன சார் சொல்றாங்க?”

கணவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

“காது கேக்காதுன்னு எல்லாரும் ஒதுங்க, நான் மட்டும் நம்பினது இது ரெண்டாவது தடவையாம்.”