சிரிக்காமல் ஐந்து நிமிடம்

"நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க சார். எல்லாரையும் ஒரு தடவை தனியாப் பார்ப்போம், வழக்கந்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் நர்ஸ்.

ஏழு மாத வயிற்றுடன் நாற்காலியில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவனின் முகம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடியே கதவுக்கு அந்தப் பக்கம் போனதைப் பார்த்து வந்த சிரிப்பு.

"காலு ரெண்டும் தரையில படட்டும். அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. அப்புறந்தான் பிரஷர் பார்ப்பேன்."

சிரிக்கக் கூடாது என்றால் போதாதா? பள்ளியில் பிரார்த்தனை நேரத்தில் வருமே, அந்தச் சிரிப்பு. உதட்டைக் கடித்தாள். மூக்கு வழியாக வந்தது.

போன இரண்டு முறையும் பிரஷர் எகிறியிருந்தது. இன்றும் எகிறினால் இங்கேயே படுக்க வைத்துவிடுவார்கள். இறங்கியிருந்தால் வீடு. இவளோ இளித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றுகொண்டு எந்தக் கேள்விக்கும் கணவன்தான் பதில் சொல்வான். எங்களுக்கு நல்லாத் தூக்கம் வருது. எங்களுக்குக் கால் வீக்கமே இல்ல. குழந்தை அசைகிறதா என்று கேட்டதற்குக்கூட, "நல்லா அசையுது" என்று தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அது நினைவுக்கு வந்ததும் அடக்கியதெல்லாம் உடைந்தது. நர்ஸுக்கும் தொற்றிக்கொண்டது.

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நேரம் பார்க்க ஆரம்பித்தாள்.

குழந்தையும் உள்ளே உருண்டு புரண்டது. அறையில் மூன்று பேர். ஒருவரும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

தன் சிரிப்புக்கு இவ்வளவு சத்தம் உண்டா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஒருவழியாக அடங்கியது. கையில் சுற்றிய பட்டை இறுகி, மெல்லத் தளர்ந்தது. நர்ஸ் அளவைக் குறித்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"வீட்ல யாரையாவது பார்த்தாப் பயமா இருக்கா?"

"சேச்சே" என்றாள், சிரிப்பு இன்னும் ஒட்டியிருந்த முகத்தோடு.

"அப்ப சரி. பிரஷர் அருமையா இருக்கு. வீட்டுக்குக் கிளம்பலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. பட்டையைக் கழற்றவும் கையைக் கொடுக்கவில்லை.

"சிஸ்டர், அவரைக் கூப்பிட்டு என் பக்கத்துல நிக்க வெச்சு, இன்னொரு தடவை பாருங்களேன்."

நர்ஸ் எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.