ஒத்திகைப் பயணி

அவளுக்குக் கிடைத்த வேஷம், சக்கர நாற்காலிப் பயணி.

விமான நிலையத்தின் புது டெர்மினல் திறப்பதற்கு முன் ஒத்திகை. பொய் டிக்கெட், பொய்ப் பெட்டி, நிஜ அதிகாரிகள். பயணிகளாக நடிக்க ஆள் தேவை என்றதும் அவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தாள்.

"என்னக்கா, நிஜமாவே ஃபாரின் போற மாதிரி சீவிச் சிங்காரிச்சு வந்திருக்கீங்க?" என்றாள் நாற்காலியைத் தள்ள வந்தவள்.

"ரொம்ப நாளாக் காத்திருந்த பயணம்மா."

தலைக்கு மேல் கூரை அலை அலையாக விரிந்து, பழைய கட்டடத்தின் தோளில் கை போட்டது மாதிரி போய்ச் சேர்ந்தது. அந்த வளைவுக்காக எத்தனை தாள் கிழித்திருப்பாள்!

வாசல் பளிங்கில் மின்னியதோ வேறொரு பெயர். அவள் வரைந்ததைச் சுருட்டிக்கொண்டு அவளை வேலையை விட்டே துரத்திய தலைமை ஆர்க்கிடெக்டின் பெயர்.

அது தன் படம் என்று அவள் சொல்லாத ஆளில்லை. நம்பினவர் ஒருவருமில்லை. அன்று மனசுக்குள் போட்ட முடிச்சை அவள் அவிழ்க்கவேயில்லை.

"எந்தப் பக்கம்க்கா?"

"போர்டு காட்டுற பக்கம்."

சக்கர நாற்காலிக்கான போர்டு லிஃப்டைக் காட்டியது. பழைய கட்டடமும் புதுசும் ஒட்டும் இடத்தில், முன்னும் பின்னும் கதவு வைத்த லிஃப்ட். இதுவரை அதில் ஏறியவர்களெல்லாம் கட்டட வேலைக்காரர்கள். எந்தக் கதவு திறந்தால் அவர்களுக்கென்ன?

கீழே முன்கதவு வழியாக ஏறினார்கள். மேலே பின்கதவு திறந்தது.

எதிரே, விமானம் ஏறும் கூடம். பாதுகாப்புச் சோதனை வரிசை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவளை யாரும் சோதிக்கவில்லை. பையைத் திறக்கச் சொல்லவில்லை.

கூடத்தின் நடுவில், அதிகாரிகள் புடைசூழ, ஆர்க்கிடெக்ட் கூரையைக் காட்டிக் கதை அளந்துகொண்டிருந்தார். "இந்த வளைவு எனக்குத் தூக்கத்துல தோணுச்சு..."

நாற்காலியை அந்தக் கும்பலுக்குள்ளேயே விடச் சொன்னாள். பையிலிருந்து முழ நீளத் தையல் கத்தரிக்கோலை எடுத்துப் பாதுகாப்பு அதிகாரியின் கையில் வைத்தாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இது எப்படி உள்ளே வந்துச்சு?"

"சார் வரைஞ்ச வழியாத்தான்."

அதிகாரி லிஃப்டைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு ஆர்க்கிடெக்டைப் பார்த்தார்.

ஆர்க்கிடெக்டிடம் இருந்தது இரண்டே பதில். தப்பு என்னுடையது. அல்லது, படம் என்னுடையதில்லை.

"அந்த லிஃப்டை... நான் வரையல."

"கூரை உங்களுது, லிஃப்ட் மட்டும் வானத்துலேருந்து குதிச்சுதா? யாருதான்யா வரைஞ்சது?"

ஆர்க்கிடெக்டின் கண் அவரைக் கேட்காமலே நாற்காலிப் பக்கம் போனது. மொத்தக் கும்பலின் கண்ணும் பின்னாலேயே போனது.

ஆர்க்கிடெக்ட் குனிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் மட்டும் விழும்படி கேட்டார். "தெரிஞ்சே கட்ட விட்டியா, பாவி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் சார் உங்க ரூமுக்கு வந்தேன். வாயைத் திறக்கறதுக்குள்ள வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே தள்ளச் சொன்னீங்க."

அவள் குரலைத் தணிக்கவில்லை.

"திருத்தின படம் அப்போ என் கையிலதான் இருந்துச்சு."